கழிநிலமும் கண்காணா உயிர்களும்

ஒரு நிலத்தைக் கெடுத்த மரத்தை வெட்டிவிட்டால் அந்நிலம் திருந்திவிடும் என்பது நம்மவருட் பலர் கொண்டுள்ள கருத்து. யாமும் சென்ற ஆண்டுவரை அக்கருத்தினையே உடையேமாயிருந்தோம். அது பாதியளவே உண்மையென்று எமக்குக் கற்பித்தது நூலன்று. எமது ஊர்க் கழிக்கரையே. அக்கரையிற் கற்றதனை நமது கலாசாலை அன்பர்கள்முன் வைத்து, இனிச் செய்யத்தக்கது யாதென்று எமக்குத் தோன்றுவதனைக் கூறவே இதனை எழுதலானோம்.

எமது ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர்களுள் ஒன்று. கிழக்கே கடல், கடலுக்கும் ஊருக்கும் இடையே ஒரு கழி. மழைக்காலத்தில் அது நிரம்பித் ததும்பும். கோடையில் வற்றி உவர் பூத்து வெளுத்துக் கிடக்கும். முன்னாளில் அக்கழியோரத்தில் உமரி படர்ந்திருந்ததென்றும், மணற்கரையில் அடும்பும் தாழையும் செழித்திருந்தனவென்றும் எம் பாட்டியார் சொல்லுவார். யாம் அறிந்த நாள்முதல் அங்கே நிற்பது சீமைக் கருவேலம் ஒன்றே. அதன் கீழே புல்லும் முளைப்பதில்லை. அதன் முள்ளுக்கு அஞ்சிப் பிள்ளைகள் நண்டு பிடிக்கவும் அப்பக்கம் செல்வதில்லை.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், நமது கலாசாலை மாணவர் நாற்பதின்மர் எம் ஊருக்கு வந்து தங்கி, ஐந்து நாட்கள் உழைத்து, அக்கரை மரங்களை வெட்டி வீழ்த்தினர். கைகளிற் கொப்புளமும் கால்களில் முட்காயமும் ஏற்றவர் பலர். ஐந்தாம் நாள் மாலையில் கரை வெட்டவெளியாயிற்று. கடலும் கண்ணுக்குத் தெரிந்தது. வெற்றி பெற்றோமென்று அனைவரும் மகிழ்ந்தோம். யாமோ எமது ஊருக்கு ஒரு நன்மை செய்வித்தோமென்று பெருமிதமும் கொண்டோம்.

ஐப்பசி கார்த்திகை மழை பெய்து ஓய்ந்தபின், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றோம். கழிக்கரையைக் கண்டு திகைத்து நின்றோம். ஒரு மரம் நின்ற இடத்தில், வெட்டுண்ட தூரினின்றும் ஏழெட்டுக் கொம்புகள் ஆளுயரம் எழுந்திருந்தன. தூர்களுக்கு இடையே வெறுமையாயிருந்த மண்ணிலெல்லாம் சீமைக் கருவேலங்கன்றுகள் நாற்றங்கால்போல் நெருங்கி முளைத்திருந்தன. உமரி ஒரு கொத்தேனும் வரவில்லை. எம் தந்தையார் உடன் நின்றார். அவர் மிகப் பேசுபவர் அல்லர். "தம்பி, மேலே வெட்டினால் கீழே சிரிக்கும் மரமப்பா இது," என்றார்.

அக்கன்றுகளுள் ஒன்றினை வேரோடு அகழ்ந்து, ஈரத்துணியிற் சுற்றிக் கொணர்ந்து, நமது கலாசாலைத் தாவரநூற் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினோம். தமிழ் வகுப்பு மாணவன் வேரைக் கையிலேந்தி வந்து நிற்பதைக் கண்டு அவர் நகைத்தார். எனினும் அன்போடு அமரச்செய்து, வேரிலிருந்த சிறு முடிச்சொன்றைக் கத்தியாற் கீறிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தது. "இம்முடிச்சினுள்ளே வாழ்வோரைத்தான் நீங்கள் வெட்டவில்லை," என்றார். அன்று தொடங்கியது எமது ஆராய்ச்சி.

அம்முடிச்சுக்களில் வாழ்வன ரைசோபியம் முதலிய பாக்டீரியாக்கள். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருப்பினும், செடிகொடிகள் அதனை நேரே உட்கொள்ள மாட்டா. இந்நுண்ணுயிர்கள் அதனைப் பற்றிச் செடிக்கு உணவாகும் வடிவில் மாற்றித் தருகின்றன; செடியோ தான் சமைத்த சர்க்கரையை அவற்றுக்கு ஈகின்றது. அவரையும் உளுந்தும் நிலக்கடலையும் இவ்வாறே வாழ்கின்றன. சீமைக் கருவேலம் இத்துணையிற் பெரிதும் வல்லது. ஒரே வகை நுண்ணுயிரைத்தான் நாடுவேனென்று அது பிடிவாதம் செய்வதில்லை. பலவகை ரைசோபியங்களோடு உறவு கொள்கின்றது. அவற்றுள் உவர்ப்பைப் பெரிதும் தாங்குவனவும் உள. மேலும், வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் தம் நுண்ணிய இழைகளை மண்ணுட் செலுத்திப் பாஸ்பரஸ் முதலிய சத்துக்களைத் தேடிக் கொடுக்கின்றன. ஆகவே, நாம் ஒரு மரமென்று எண்ணிக் கோடரியை ஓங்கியது ஒரு தனிமரத்தின்மீதன்று; மண்ணுக்குட் பரந்து கிடக்கும் ஒரு கூட்டுக் குடித்தனத்தின்மீதாகும்.

இது நிற்க. கழிநிலத்துக்கும் தனக்கென ஒரு கூட்டுக் குடித்தனம் உண்டு. அதனை அறிந்தாலன்றி இழப்பின் அளவு விளங்காது. கழிச்சேற்றைக் காலால் மிதித்தாற் கரிய நிறமும் அழுகிய முட்டை நாற்றமும் எழுவதை நாமனைவரும் அறிவோம். அதனை அருவருத்து மூக்கைப் பொத்துகின்றோம். நீர் தேங்கிய சேற்றினுட் பிராணவாயு மிகவும் அரிது. அங்கே வாழும் சில பாக்டீரியாக்கள், கடல்நீரிலுள்ள சல்பேட்டினைக் கொண்டு மூச்சுவிடுகின்றன. அம்மூச்சின் பயனாய்ப் பிறக்கும் வாயுவே அந்நாற்றம். அது சேற்றிலுள்ள இரும்போடு கூடுவதனாற் பெறுவதே அக்கருமை. கண்டல் மரங்களினின்றும் உதிர்ந்த இலையை முதலில் உண்பவை பூஞ்சையும் பாக்டீரியாவுமே. அவை ஏறி மென்மையாக்கிய இலைத்துகளை நண்டும் இறாலும் உண்ணும். அவற்றை மீன் உண்ணும். மீனை நாம் உண்கின்றோம். அலையாத்திக் காடுகளை அடுத்த உவர்நிலத்தில் வளரும் காட்டு நெல் ஒன்றன் வேரையும் தண்டையும் ஆராய்ந்தோர், நைட்ரஜனைப் பற்றவும் பாஸ்பேட்டைக் கரைக்கவும் வல்லதாய், உப்பைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டனர். அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் அவர்களைச் சிறப்பித்து அதற்குச் 'சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்' என்று பெயரிட்டு 2004ஆம் ஆண்டு வெளியிட்டனர். நம்மவர் ஒருவர் பெயர் தாங்கிய உயிர் நம் காலடிச் சேற்றையொத்த சேற்றிலே வாழ்கின்றது, நாம் அறியோம்!

இத்தகைய நிலத்தினுள்ளே புதுமரம் புகுந்தால் விளைவதென்ன? சிறிதளவு சத்தினைக் கொண்டு சிக்கனமாய் வாழப் பழகியவை உமரி முதலிய உவர்நிலச் செடிகள். வந்த மரமோ தன் நுண்ணுயிர்த் துணையால் மண்ணில் நைட்ரஜனைப் பெருக்குகின்றது; தன் இலைச்சருகினால் வேற்றுச்செடிகளின் முளையை ஒடுக்கும் பொருள்களைச் சேர்க்கின்றது; தன் நிழலால் வெயிலை மறைக்கின்றது. மண்ணுயிர்களின் கூட்டமும் அதற்கேற்ப மாறுகின்றது. மரம் போனபின்னரும் அம்மாற்றம் உடனே போவதில்லை. கடனாளி இறந்தும் கடன் நிற்பதுபோல, மரம் நீங்கியும் மண்ணில் அதன் பற்று நிற்கின்றது. தூரும் புதைந்த விதையும் மரம் மீண்டெழுதற்கு முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், முளைத்த கன்று அவ்வளவு விரைவிற் செழிப்பதற்கும், உமரி திரும்பி வராமைக்கும், மண்ணிலே முன்னரே அணியமாய்க் காத்திருந்த அத்துணையும் ஒரு காரணமாகும்.

இங்கே 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி நினைக்கத்தக்கது. இந்தியாவிற் சீமைக் கருவேலத்தின் அடியில் மற்றச் செடிவகைகள் பெரிதும் குன்றியிருந்தன. ஆனால் அம்மரத்தின் தாயகங்களுள் ஒன்றாகிய வெனிசுலாவில் அதன் அடியில் செடிவகைகள் மிகுந்தே காணப்பட்டன. அன்றியும், அம்மரத்துக்கு உறவாகிய நமது வன்னிமரம் செடிவகைகள்மீது செலுத்திய தாக்கமோ சீமைக் கருவேலத்தினதினும் மிக மெலிதாயிருந்தது. ஒரே குடியிற் பிறந்த இரு மரங்களுள் ஒன்று தன் நிழலில் வந்தவரை அத்துணை வருத்துவதில்லை, மற்றொன்று வாட்டுகின்றது. வாட்டுகின்ற அம்மரமும் தன் பிறந்தகத்தில் அத்துணைக் கொடிதன்று. பலகாலம் உடன்வாழ்ந்த செடிகளும் மண்ணுயிர்களும் அங்கே ஒன்றையொன்று அறிந்து அளவுபட்டிருத்தல் வேண்டும் என்று நாம் கருதலாம்.

இதனால், அயல்நாட்டிலிருந்து வந்தது ஒன்றே குற்றமென்று யாம் கூறுகின்றோமல்லேம். நாம் நாள்தோறும் உண்ணும் மிளகாயும் நிலக்கடலையும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தனவே. கடல் கடந்து வந்தோர் நிறுவிய கலாசாலையிற் பயிலும் நாம் பிறப்பிடம் பற்றி ஒன்றனை இகழ்தல் முறையன்று. ஒரு செடியை அதன் ஊரைக் கேட்டு அளவிடாது, அது தன் அயலாரோடு நடந்துகொள்ளும் வகையைக் கண்டு அளவிடுதலே நேர்மை. சீமைக் கருவேலமும் தானே வந்ததன்று. 1870களில், வறண்ட நிலத்துக்குப் பசுமையும் ஏழைக்கு விறகும் கிடைக்குமென்று கருதி, அந்நாளைச் சென்னை மாகாணத்துக்குள் மனிதரே அதனைக் கொணர்ந்தனர். சீனத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1979ஆம் ஆண்டு, கரையைக் காக்குமென்று அமெரிக்காவிலிருந்து ஸ்பார்ட்டினா என்னும் உவர்ப்புல்லைக் கொண்டுசென்றனர். அது அந்நாட்டுக் கடற்கரைச் சேற்றுநிலங்களிற் பரந்து பறவைகள் இரைதேடும் வெளிகளை மூடியது. சேற்றின் கரிமமும் நுண்ணுயிர்க் கூட்டமும் மாறின. இப்போது பெரும்பொருள் செலவிட்டு அதனை அகற்ற முயல்கின்றனர். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

நம் நாட்டிலும் அகற்றும் முயற்சி தொடங்கியுள்ளது. சீமைக் கருவேலத்தை நீக்குமாறு உயர்நீதிமன்றம் ஆணைகள் பிறப்பித்துள்ளது. தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டு அயற்படர் தாவரங்களைப் பற்றிய கொள்கையொன்றை வகுத்தது. கோடியக்கரை போன்ற இடங்களில் இஃது இன்றியமையாதது. 1967இற் சரணாலயமாகி, 2002இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலத்திலும் இம்மரம் பரவியுள்ளது. அங்கு மேயும் விலங்குகள் அதன் இனிய நெற்றைத் தின்று விதையைத் தம் சாணத்தோடு புதிய இடங்களில் இடுகின்றன. வெட்டுதல் வேண்டும் என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடில்லை. வெட்டியதோடு பணி முடிந்ததென்று புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புதலையே யாம் மறுக்கின்றோம். யாமும் அப்புகைப்படத்தில் நிற்கின்றோம். ஆதலின் இம்மறுப்பு முதலில் எம்மையே சாரும்.

பிச்சாவரத்தில் நடந்தது நமக்கு வழிகாட்டும். தில்லை மரத்தாற் பெயர்பெற்ற சிதம்பரத்தை அடுத்த அக்காட்டில், அந்நாளைய அரசினர் முறைவைத்துப் பகுதி பகுதியாய் மரங்களை அடியோடு வெட்டினர். வெயில் பட்ட சேறு வற்றித் தாழ்ந்து தொட்டிபோலாயிற்று. அலைநீர் உட்புகுந்து வெளிவர வழியின்றித் தேங்கிக் காய்ந்தது, உப்பு மிகுந்தது, மரம் மீளவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதன் காரணத்தை ஆராய்ந்து, வாய்க்கால்களை வெட்டி அலைநீரை வந்துபோகச் செய்தனர். உப்புக் குறைந்தது, நட்ட கன்றுகள் வேரூன்றின, காடு மீண்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அலையாத்திக் காடுகளின் பின்னே இருந்த கடலூர்ப் பகுதிச் சிற்றூர்கள் பேரழிவுக்குத் தப்பின. மரத்தை நோக்குமுன் நிலத்தை நோக்கியதே அவர்கள் செய்த சிறப்பு.

இனி, இதற்கு எழும் தடைகளையும் கூறுதல் கடமை. "கண்ணுக்குத் தெரியாத உயிருக்காக இத்துணைக் கவலை எற்றுக்கு? மரம் போனாற் காலப்போக்கில் மண் தானே சீர்ப்படும்," என்பர் சிலர். சீர்ப்படலாம், ஆனால் வெறுமண்ணை முதலிற் பற்றுவது எது? நாம் கண்டவாறு, வெட்டுண்ட மரத்தின் வழித்தோன்றலே. காலம் நமக்காகக் காத்திராது. கன்று நான்காண்டில் மரமாகிவிடும்.

மற்றொரு தடை எம் நெஞ்சையே தைப்பது. எம் தந்தையார் கரிமூட்டம் போடுபவர். சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் கொண்டு மூடி, உள்ளே நெருப்பிட்டுப் பலநாள் காத்திருந்து கரியாக்கி விற்பவர். இரவில் எழுந்து மூட்டத்தில் விரிசல் விழுந்ததா என்று பார்த்து மண் அப்பும் அவர் கைகளை யாம் அறிவோம். அக்கரியை விற்ற பணமே எம் கலாசாலைச் சம்பளமாயிற்று. அம்மரத்தால் உண்டு வளர்ந்து, அம்மரத்தை அழிக்க எழுதுகின்றோம். இஃது எமக்கு எளிதன்று. எம் மாவட்டத்தில் இவ்வாறு பிழைக்கும் குடும்பங்கள் மிகப்பல. மழை பொய்த்த ஆண்டில் உழவும் இல்லை, கழியிலே மீனும் இல்லை என்றபோது, அம்மக்களைக் காத்தது இம்மரமே. அவர்களை நோக்கி "மரம் தீயது" என்று மட்டும் சொல்லிச் செல்வோர் அறம் உரைப்போர் ஆகார்.

இதனை எம் தந்தையாரிடமே வினவினோம். அவர் சிறிதுநேரம் வாளாவிருந்து, "மரம் போகட்டும், மரத்துக்குப் பின்னே எங்களுக்கு என்ன என்று யாரும் சொல்லக் காணோமே," என்றார். அவ்வினாவுக்கு விடையில்லாத எத்திட்டமும் அரைகுறைத் திட்டமே என்பது எம் துணிபு. மூட்டம் போடுவோர் அம்மரத்தின் தூரையும் வேரையும் அறிந்தவர். எங்கே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும், எவ்வளவு ஆழத்தில் அகழ்ந்தால் துளிர்க்காது என்பது அவர்களுக்குக் கைவந்த கலை. அவர்களை விலக்கிவிட்டு இயந்திரத்தை அழைத்தல் பேதைமை. அவர்களுக்கே கூலி தந்து அப்பணியை ஒப்புவித்தல் அறமும் அறிவும் ஆகும்.

ஆகவே யாம் முன்வைப்பன இவை. முதலாவது, நெற்று முதிருமுன் மரங்களை வேர்த்தூரோடு அகழ்தல் வேண்டும். அகழ்ந்த இடத்தை ஆண்டுதோறும் மழைக்குப்பின் சென்று பார்த்துக் கன்றுகளைக் களைதல் வேண்டும். இரண்டாவது, கழிக்கு நீர் வந்துபோகும் வழி அடைபட்டிருப்பின் அதனை முதலில் திறத்தல் வேண்டும். மூன்றாவது, வெறுமண்ணை வெறிதே விடாது, அந்நிலத்துக்குரிய செடிகளை நடுதல் வேண்டும். அச்செடிகளை அவை இன்றும் நலமுற வளரும் இடத்து மண் சிறிதளவு கலந்து வளர்த்து நடுதல் நன்று. நெதர்லாந்து நாட்டில், நல்ல நிலத்து மண்ணை மெல்லியதாய்த் தூவியே பழுதுற்ற நிலத்தின் செடிவளத்தைத் திருப்பக்கூடும் என்பதை 2016இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. நம் கழிநிலத்தில் அது பலிக்குமா என்பதைச் சிறு பாத்தியில் நாமே செய்து பார்க்கலாம். நான்காவது, இப்பணியில் முதற் கூலியும் முதற் சொல்லும் கரிமூட்டக்காரருக்கும் கழி மீனவருக்கும் உரியதாதல் வேண்டும்.

இதிற் கலாசாலைக்குப் பங்கு உண்டு. தாவரநூல் மாணவர் மண்ணை ஆராய்க. வேதிநூல் மாணவர் உப்பை அளக்க. பொருள்நூல் மாணவர் கரிமூட்டக் குடும்பங்களின் வரவுசெலவைக் கணக்கிடுக. தமிழ் மாணவர்க்கு யாது வேலை என்பீரேல், அதுவும் உண்டு. நெய்தற் பாட்டுக்களிற் கண்டலும் தாழையும் ஞாழலும் அடும்பும் பயில்கின்றன. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் பூக்களுள் தில்லையும் ஒன்று. தேர்வுக்கு முந்திய இரவு இப்பெயர்களை மனப்பாடம் செய்கின்றோம். நேரிற் கண்டால் ஒன்றையும் அடையாளம் அறியோம். எம் பாட்டியாரோ ஏட்டை அறியாதவர். ஆயினும் உமரியையும் அடும்பையும் இடம் சொல்லிக் காட்டவல்லார். அவர் காலத்தோடு அவ்வறிவு மறையுமுன் எழுதிக் காத்தல் எம் போன்றார் கடன். எங்கே எது வளர்ந்தது என்பதை அறிந்தாலன்றோ, எங்கே எதனை மீண்டும் நடுவதென்று அறியலாம்?

விதைப்பவன் உவமையைச் சிறுபருவமுதலே கேட்டு வளர்ந்தோம். விதை ஒன்றே, விழுந்த நிலமே வேறு. விளைவைத் தீர்மானித்தது நிலம் என்பதை ஞாயிறுதோறும் கேட்டும், கழிக்கரையிற் கோடரியோடு நின்றபோது மறந்தோம். களையைப் பறிக்கின்றவன் கோதுமையின் வேரையும் பறித்துவிடலாகாதே என்னும் எச்சரிக்கையையும் மறந்தோம். வேர்கள் கீழே பின்னிக்கிடக்கின்றன. மரத்தின் வேரும், நுண்ணுயிரின் இழையும், மூட்டக்காரரின் பிழைப்பும், எமது படிப்பும் அவ்வாறே பின்னிக்கிடக்கின்றன. அவற்றைப் பொறுமையோடு பிரித்தெடுத்தலே பணி.

வருகின்ற கோடையில் யாம் மீண்டும் எமது ஊர்க் கழிக்கரைக்குச் செல்வோம். இம்முறை கோடரியோடு மண்வெட்டியும் குறிப்பேடும் கொண்டு செல்வோம். எம் தந்தையார் முன்னே நடந்து தூர் காட்ட இசைந்துள்ளார். தாவரநூற் பேராசிரியரும் வருவதாக வாக்களித்துள்ளார். உடன்வர விரும்பும் மாணவர் எம்மைக் காண்க. ஐந்து நாட்பணி அன்று, ஐந்தாண்டுப் பணி. நாம் கலாசாலையை விட்டு நீங்கியபின்னும் அதனைத் தொடர்வார் வேண்டும்.